வேலூர்த் தராசில் திண்டுக்கல் பூட்டு

இத்தாலிக்கு இரண்டு தடவை போய் வந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், பாஷை தெரியாத தோல் சந்தையில் நின்று, கையையும் புருவத்தையும் மட்டும் ஆட்டி வியாபாரம் முடித்துக்கொண்டு வந்தேன். அதை எழுதுங்கள் என்று பல பேர் கேட்டாயிற்று. எழுத உட்கார்ந்தால் இத்தாலி வர மாட்டேன் என்கிறது. வேலூர்தான் வருகிறது.

இத்தனைக்கும் திண்டுக்கல்காரனுக்கு வேலூர் வெளியூர்தான், வெளிநாடு இல்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கத்துத் தெருக்களில் ஒரு நடை நடந்து பாருங்கள். பெட்டிக்கடைப் பலகையில் வங்காளி எழுத்து. சாப்பாட்டுக் கடையில் கடுகெண்ணெய் வாசனை. மணிப்பூர் முகம், அசாம் முகம், இன்னும் எனக்குப் பெயர் தெரியாத ஊர்களின் முகம். ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்ததும் இந்தியில்தான் ஆரம்பித்தார். நான் தமிழில் ஒரு அதட்டல் போட்டதும், "அட, நம்மாளு! இன்னா சார், மொதல்லயே சொல்றதில்ல?" என்று பெட்டியை வாங்கி வைத்தார். சொந்த நாட்டில் நான் தமிழன் என்று நிரூபிக்க வேண்டி வந்த ஒரே ஊர் இதுதான்.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பாக்கியத்துக்கு மார்பில் கட்டி. அறுப்பதற்கு முன்னால் மருந்து ஏற்றி அதைச் சுருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று தடவை ஏற்றியாகிவிட்டது. இது நாலாவது. மருந்து ஏறிய ஒரு வாரத்துக்கு அவள் படும் பாட்டைப் பார்க்கக் கல்மனசு வேண்டும். முடி போயிற்று. நாக்கில் ருசி போயிற்று. இட்லி மண் மாதிரி இருக்கிறது என்பாள், காபி துருப்பிடித்த தண்ணீர் மாதிரி இருக்கிறது என்பாள்.

ரயிலில் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள். "ஏங்க, எனக்குப் போதும். மேற்கொண்டு மருந்து வேணாம்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிருவேன்."

"அதெப்படி விட முடியும்? நான் பத்து வயசுல தோல் மண்டியில உப்பு அள்ளுனவன். கையெல்லாம் வெடிச்சு ரத்தம் வரும். விட்டேனா?"

"அதைத்தான் நானும் கல்யாணமான நாளா கேக்குறேன். உப்பு அள்ளுனது நீங்க. வாந்தி எடுக்குறது நானு."

எதிர் சீட்டில் இருந்தவர் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பதில் வராத இடம் உலகத்திலேயே அவள் பக்கத்து சீட் ஒன்றுதான்.

அவளுக்கு அந்தக் கவலை. எனக்கு இன்னொன்று. அதைச் சொல்ல வேண்டுமானால் முதல் தடவை வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அப்போது டாக்டரம்மா, சின்ன வயசுதான், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பெண், பாக்கியத்தின் உயரத்தை அளந்தார், எடை பார்த்தார், கணக்குப் போட்டார். எதற்கு என்று கேட்டேன். நமக்குத் தெரியாமல் ஒரு கணக்கு நடக்கக் கூடாது. "இந்த மருந்து ஆளுக்கு ஒரே அளவு கிடையாது சார். உடம்பு மேல இருக்கிற தோலை விரிச்சுப் போட்டா எத்தனை சதுர மீட்டர் வருமோ, அதை வெச்சுத்தான் அளவு" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "டாக்டரம்மா! அது என் தொழிலு!"

ஐம்பது வருஷமாக ஆட்டுத்தோலை விரித்துப் பார்த்து இத்தனை அடி என்று சொல்லி வருகிறவன் நான். சதுர அடியைத்தான் எங்கள் தொழிலில் அடி என்போம். பாக்கியத்தை ஒரு பார்வை பார்த்தேன். "பதினேழு அடி" என்றேன். அவள் என்னை முறைத்தாள். டாக்டரம்மா கணக்கை முடித்துவிட்டு, ஒன்றரை சதுர மீட்டர் என்றார். அடிக்கணக்கில் பதினாறு சொச்சம். ஒரு அடிக்கும் குறைவான பிசகு; அதுவும் சேலை மடிப்பால் வந்தது. "பரவாயில்லையே சார்!" என்று டாக்டரம்மா சொன்னதைத் திண்டுக்கல் பஜாரில் நான் சொல்லாத கடை கிடையாது.

ஆக, தோல் எவ்வளவோ மருந்து அவ்வளவு. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அப்போது அவள் ஐம்பத்துநாலு கிலோ. இந்தத் தடவை கிளம்புவதற்கு முன் மருந்துக்கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. ஒன்பதில் ஒரு பங்கு ஆளைக் காணோம். அப்படியானால் மருந்திலும் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டிவிடுவார்களே, கட்டி தப்பித்துக்கொள்ளுமே என்று எனக்குத் தூக்கம் போயிற்று.

வேலூரில் முதல் நாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்ததோடு சரி. முடிவு வந்து, மறுநாள் விட்டு அடுத்த நாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். லாட்ஜில் அறை எடுத்தோம். எந்த ஊருக்குப் போனாலும் நான் எங்கள் ஊர்ப் பூட்டு இரண்டைக் கொண்டுபோவேன், ஒன்று அறைக் கதவுக்கு, ஒன்று பெட்டிச் சங்கிலிக்கு. கிடங்குக்குப் போடுகிற பூட்டுகள். ஒன்றைக் கையில் தூக்கினால் தோள் ஒரு பக்கம் சாயும். இத்தாலியில் விமான நிலையத்துக்காரன் அதை எடுத்து வைத்துக்கொண்டு மேலதிகாரியைக் கூப்பிட்டான். லாட்ஜ் மேனேஜர் கும்பிட்டே விட்டார். "சார், எங்க லாட்ஜோட மதிப்பே இந்தப் பூட்டு அளவுக்குத் தேறாது."

எதிர் அறையில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவருக்குக் கல்லீரல் கோளாறு. சாயங்காலம் அந்தம்மா வாசலில் நின்று கணவரிடம் நெடுநேரம் ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார். என்ன சண்டையோ என்று மேனேஜரிடம் கேட்டேன். இந்த ஊர் மேனேஜர்களுக்கு வங்காளி தண்ணீர் பட்ட பாடு. "சண்டை இல்ல சார். 'ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான், டாக்டரும் தெய்வந்தான், ஆனா இந்த ஊரு மீனுக்குக் கடல் வாசனை அடிக்குது, ஆத்து மீனு சாப்பிடாம இவரு எப்படித் தேறுவாரு'ன்னு கேக்குது" என்றார். பாக்கியம் அதைக் கேட்டுவிட்டு அந்தம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். அவரும் தலையாட்டினார். பாஷை இல்லாமலே இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்த மாதிரி இருந்தது.

நடு நாள் சும்மா கிடப்பானேன் என்று ஆம்பூருக்குக் கிளம்பினோம். அங்கே நிசார் பாய் இருக்கிறார். என்னிடம் தோல் வாங்கி, பதனிட்டு, சாயம் ஏற்றி, செருப்புக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறவர். நான் உப்பு அள்ளிய காலத்தில் அவர் தோல் சுமந்தவர். இன்றைக்கு அவருடைய டேனரியில் நூறு பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். என் மண்டியில் அவ்வளவு பேர் இல்லை. ஆனால் என் ஆட்கள் நல்ல உழைப்பாளிகள்.

ஆம்பூர் நெருங்குவதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். தோல் வாசனை பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். பாக்கியம் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். "மூணு மாசத்துல எனக்குக் குமட்டாத ஒரே வாசனை இதுதாங்க" என்றாள். தோல்காரன் பெண்டாட்டி என்றால் சும்மாவா!

நிசார் பாய் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க மொதலாளி! வாம்மா தங்கச்சி! இன்னா இப்படி எளைச்சுப் போய்ட்ட? இந்தாளு உனக்குச் சோறு போடறாரா, இல்ல இத்தாலி கதையே போடறாரா?"

டேனரிக்குள் பரப்பு அளக்கிற மெஷின் வைத்திருக்கிறார். தோலை உள்ளே விட்டால் விளக்குக்கடியில் போய் மறு பக்கம் வரும்போது எண் காட்டும். அதற்கும் எனக்கும் எப்போதும் ஒரு போட்டி. நிசார் பாய் ஒரு தோலை உதறி விரித்தார். "ஐந்தரை அடி" என்றேன். மெஷின் ஐந்தேகால் என்றது. "மெஷினுக்கு எண்ணெய் போடுங்க பாய்" என்றேன். "மெஷினுக்குக் கண்ணு சரியாத்தான் இருக்குது, உனக்குத்தான் கண்ணாடி மாத்தணும்" என்றார். பாக்கியம் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் ஆலங்காயம் பக்கத்திலிருந்து ஒருவர் பதனிடாத பச்சைத் தோல் கொண்டுவந்து இறக்கினார். பச்சைத் தோலை எடைக்கு வாங்குவதுதான் அங்கே வழக்கம். கெடாமல் இருக்க உப்புத் தடவியிருப்பார்கள். நிசார் பாய் ஒரு தோலைத் தூக்கி உதறினார். பொலபொலவென்று கொட்டியது.

"இன்னாப்பா, தோலு கொண்டாந்தியா, உப்பளத்தையே பேத்துக் கொண்டாந்தியா?"

"கெட்டுப் போய்டக் கூடாதுன்னு கொஞ்சம் தாராளமாப் போட்டேன் பாய்."

"கெடாம இருக்க ஒரு பிடி. எடை ஏற ஒரு படி. நானும் அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்தான், உதறிப்போட்டு நிறு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அது நல்ல யோசனையா கெட்ட யோசனையா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மதியம் நிசார் பாய் வீட்டில் சாப்பாடு. ஆம்பூர் பிரியாணி பற்றி ஒரு திண்டுக்கல்காரன் நியாயமாகப் பேசுவான் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பேசுகிறேன். சோற்றில் நாங்கள் ஜெயித்தோம். கறியில் சமம். கூட வைக்கிற புளிப்புக் கத்தரிக்காயில் தோற்றோம், சந்தேகமே இல்லை. அண்டாவைத் திறந்ததும் பாக்கியத்தின் முகம் மாறிவிட்டது. யாருக்கும் தெரியாமல் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனாள். நிசார் பாய் வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டார். உருதுவில் கணவரிடம் சுருக்கமாக ஒன்று சொல்லிவிட்டு, அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

"இன்னா சொல்றாங்க?" என்று கேட்டேன், அந்த ஊர்ப் பேச்சு தொற்றிக்கொண்டு.

"'விருந்தாளிக்கு ஆவாதது வெளிய இருக்கட்டும், நாமளும் வெளியவே போய்ச் சாப்பிடுவோம்'ன்றா."

அப்படியே ஆண்கள் நாங்கள் கொல்லையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உள்ளே அந்தம்மா பாக்கியத்துக்கு வெறும் சோற்றில் தயிர் ஊற்றி, அந்தக் கத்தரிக்காயில் ஒரு விரல் தொட்டு வைத்தாராம். புளிப்பு மட்டும் நாக்கில் தெரிந்தது என்றாள். நாலு வாய் சாப்பிட்டாள். நான் தின்ற பிரியாணியை விட அந்த நாலு வாய்தான் எனக்கு ருசித்தது.

திரும்பும்போது பஸ் பள்ளிகொண்டா தாண்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, சக்கரத்தை ஒரு உதை உதைத்து, "வேற வண்டி வரும், ஏறிக்குங்க" என்று பீடி பற்ற வைத்தார். புளியமர நிழலில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஒடுகத்தூர்க்காரி ஒருத்தி வேர்க்கடலை மூட்டையோடு பாக்கியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாக்கியம் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மொட்டையா? திருப்பதியா?" என்றாள்.

"இல்ல தாயி, வேலூரு" என்றாள் பாக்கியம்.

அந்தப் பெண்ணுக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு அவித்த கடலையை உரித்து உரித்து அவள் உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்தாள். "திருப்பதி சாமி ஒரே வாட்டியில விட்டுடுவாரு. இவங்க உடமாட்டாங்களே" என்றாள் பெருமூச்சோடு.

"நான் விடச் சொல்லத்தான் போறேன்" என்றாள் பாக்கியம். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை லாட்ஜில் என் யோசனையைச் சொன்னேன். இரண்டு பூட்டையும் ஒரு துணிப்பையில் போட்டு, எடை பார்க்கும்போது மட்டும் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். மேலே ஸ்வெட்டர் போட்டால் தெரியாது. எடை குறையவில்லை என்றால் மருந்தும் குறையாது.

"உங்களுக்குக் கிறுக்கா?"

"ஒரு நிமிசம்தான். தராசுக்குப் பக்கத்துக் கழிப்பறை வரைக்கும் நானே தூக்கிட்டு வர்றேன், அங்க போய்க் கட்டிக்கிட்டாப் போதும்."

சண்டை போடத் தெம்பில்லாமலோ என்னவோ, "உங்க திருப்திக்குக் கட்டித் தொலைக்கிறேன். ஆனா டாக்டர்கிட்ட நான் சொல்றதைச் சொல்லத்தான் செய்வேன்" என்றாள். அறையை லாட்ஜ்காரன் பூட்டை நம்பி விட்டுவிட்டுப் போனோம். வாழ்க்கையில் முதல் தடவை.

தராசு ஐம்பத்திரண்டு காட்டியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். பையை அவிழ்க்க நேரம் கொடுக்காமல் நர்ஸ் நேரே டாக்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பாக்கியம் இடுப்பில் கை வைத்தபடி உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா ரத்த முடிவைப் பார்த்தார், வெள்ளை அணுக்கள் போதுமான அளவு இருக்கின்றன என்றார். எடையைப் பார்த்தார். முகம் மாறியது.

"போன தடவை அம்பது. இப்ப அம்பத்திரண்டு. சாப்பாடு எப்படிம்மா போகுது?"

"கஞ்சிதான் டாக்டர். அதுலயும் பாதி வெளிய வந்துருது."

"சாப்பிடாம ரெண்டு கிலோ ஏறுமா?" எழுந்து வந்து பாக்கியத்தின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். கண் இமையைப் பார்த்தார். முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். "படுத்தா மூச்சு முட்டுதா? படி ஏறினா?"

"கொஞ்சம் வாங்குது."

இடுப்பில் பூட்டைக் கட்டிக்கொண்டு நடந்தால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது?

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "சார், இந்த மருந்துல சில பேருக்கு உடம்புல நீர் சேரும். சில பேருக்கு இதயம் களைச்சுப் போகும். வெளிய தெரியறதுக்கு முன்னாடி எடைதான் காட்டிக் குடுக்கும். இன்னிக்கு மருந்து வேணாம். இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு, இதையே தொடரலாமா நிறுத்தலாமான்னு முடிவு பண்ணலாம்."

பாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நிறுத்திருங்க டாக்டர். நானே அதைச் சொல்லணும்னுதான் வந்தேன். என்னால முடியல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இடுப்பில் இரண்டு பூட்டு. வாயில் ஒன்றுமில்லை. துருப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளின் பார்வை. சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் அவள் என்னை இவ்வளவு சுலபமாக ஜெயித்தது கிடையாது. நான் பேசாமல் இருந்தால் மருந்து நின்றுவிடும். பேசினால் என் மானம் போய்விடும்.

மானம் என்ன, இன்னொன்று சம்பாதித்துக்கொள்ளலாம்.

"டாக்டரம்மா, அது நீர் இல்ல."

"பின்ன?"

"பூட்டு."

அவருக்குப் புரியவில்லை. பாக்கியம் ஸ்வெட்டரைத் தூக்கி, முடிச்சை அவிழ்த்து, பையை மேஜை மேல் வைத்தாள். மேஜையில் இருந்த பேனாக்கள் உருண்டன. டாக்டரம்மா பையைத் திறந்து ஒரு பூட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"இன்னா சார் இது? வேலூர்க் கோட்டைக்குப் போடறதா?"

"இவரு எலிப்பொறிக்கே பூட்டுப் போடுற ஆளு டாக்டர்" என்றாள் பாக்கியம்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்புறம் சிரிப்பு நிஜமாகவே போய்விட்டது. "சார், இந்தப் பூட்டு எடைக்குத் தகுந்த மருந்து ஏத்தியிருந்தாக்கூட பெரிய ஆபத்து வந்திருக்காது, கொஞ்சம்தான் ஜாஸ்தி ஆகியிருக்கும். ஆனா இல்லாத வியாதியைத் தேடிக்கிட்டு, இருக்கிற வியாதியை நான் விட்டிருப்பேன். நாங்க போடற ஒவ்வொரு கணக்கும் அந்தத் தராசை நம்பித்தான் நிக்குது. ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

சொன்னேன். ஒன்பதில் ஒரு பங்கு எடை போச்சு, ஒன்பதில் ஒரு பங்கு மருந்து போய்விடும் என்று பயந்தேன் என்று. பயந்தேன் என்ற வார்த்தையை வெளியூரில் சொல்லும்படி ஆகிவிட்டது.

மறுபடியும் எடை. நாற்பத்தெட்டு. டாக்டரம்மா ஒரு துண்டுச்சீட்டை என் பக்கம் இழுத்துப் போட்டு, கணக்கை என் கண்முன்னே போட்டார். உயரம் நூற்றைம்பது சென்டிமீட்டர். அதை எடையால் பெருக்கு. மூவாயிரத்து அறுநூறால் வகு. முதல் தடவை இரண்டேகால் வந்தது. இப்போது இரண்டு. "இதோட நிறுத்தினாத்தான் நீங்க சொல்றது. ஒம்பதுல ஒரு பங்கு போச்சு. ஆனா இதுக்கு வர்க்கமூலம் எடுக்கணும். எந்த எண்ணை அதே எண்ணால பெருக்குனா இது வருமோ, அந்த எண்ணு. அப்ப ஒன்றரை. இப்ப ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணு. பதினேழுல ஒரு பங்குகூடக் குறையல. எடை போற வேகத்துக்குத் தோல் போகாது சார்."

அந்தக் கடைசி வாக்கியம் என் நெற்றியில் அடித்தது. எனக்குத் தெரியாததா அது! மழை பொய்த்த வருஷத்தில் எலும்பும் தோலுமாக ஆடு வரும். கறிக்காரர் தலையில் கையை வைத்துக்கொள்வார். எனக்கு நஷ்டமே இருக்காது. கறி பாதியானாலும் தோல் கிட்டத்தட்ட அதே அளவுதான் இருக்கும். ஆட்டுக்குத் தெரிந்த கணக்கு என் பாக்கியத்துக்கு என்று வந்ததும் மறந்துபோய்விட்டது.

"அப்புறம் இன்னொண்ணு" என்றார் டாக்டரம்மா. "கம்மி பண்றோம்னு நெனைக்காதீங்க. இது இவங்க உடம்புக்கு முழு அளவு. அதுக்கு மேல ஊத்தினா கட்டியோட சேர்ந்து நல்ல ரத்தமும் அடி வாங்கும்."

எனக்கு மனசு ஆறிவிட்டது. பாக்கியத்துக்கு ஆறவில்லை.

"கணக்கெல்லாம் சரி டாக்டர். அவருக்குத்தான் கணக்கு வேணும். எனக்கு மருந்து வேணாம்."

டாக்டரம்மா வாதாடவில்லை. "சரிம்மா. உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும். கட்டியை மட்டும் ஒரு தடவை அளந்துடறேன்" என்று திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கையில் இரண்டு தாடை வைத்த அளவுகோல். தோலின் கனம் பார்க்க எங்களிடமும் அது மாதிரி ஒன்று உண்டு. நான் வெளியே, என் பூட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு" என்று டாக்டரம்மா நர்ஸுக்குச் சொன்னது கேட்டது.

முதல் தடவை நாலு சென்டிமீட்டர் இருந்தது. உள்ளேயிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. சோர்ந்த குரல்.

"இவ்வளவு பட்டும் பாதி அப்படியே இருக்கா?"

"பாதி இல்லம்மா. குறுக்களவுதான் பாதி. நீளத்துல பாதி, அகலத்துல பாதி, உயரத்துலயும் பாதி. மூணையும் சேர்த்துப் பாருங்க. எட்டுல ஒரு பங்குதான் இருக்குது."

நானும் விரல் விட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஐம்பது வருஷமும் தரையில் விரித்துப் போட்ட சாமானோடு புழங்கியவன் நான். உருண்டைச் சாமான் எனக்குப் பழக்கமில்லை.

"எள்ளுருண்டை மாதிரியா?" என்றாள் பாக்கியம்.

"என்னம்மா?"

"பெரிய உருண்டை ஒண்ணை ஒடைச்சு, அதுல பாதி அகலத்துக்குச் சின்னதாப் புடிச்சா ரெண்டு வராது. ஏழெட்டு வந்துரும். புள்ளைகளுக்குப் பங்கு வைக்கிறப்ப அப்படித்தான் புடிப்பேன்."

"அதேதான்ம்மா! ஏழு உருண்டை போயாச்சு. ஒண்ணுதான் பாக்கி."

பூட்டுப் பையை நான் எப்போது நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. பாக்கியம் திரையை விலக்கிக்கொண்டு, ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டபடியே வெளியே வந்தாள். வாயைத் திறக்கப் போனேன். என்ன சொல்லப் போனேனோ, அதில் எப்படியும் உப்பு அள்ளிய கதை இருந்திருக்கும்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம்" என்றாள்.

பூட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

வெளியே போகிற வழியில், மருந்து ஏற்றும் ஹால் வாசலில், எங்களோடு வந்த நர்ஸ் தயங்கி நின்றது, உள்ளே கூட்டிக்கொண்டு போவதா வழியனுப்புவதா என்று தெரியாமல். ஹாலில் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பாட்டில். பாக்கியம் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜன்னலோரத்து நாற்காலியாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தாள்.

"அந்த ஒண்ணையும் எதுக்கு மிச்சம் வைக்கணும்?" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "இந்தா தாயி, மணிக்கட்டுல தேடாத, நரம்பு கெடைக்காது. போன தடவையே ரெண்டு எடத்துல குத்துனாங்க. இங்க, முழங்கைக்கிட்ட பாரு" என்று கையை நீட்டினாள்.